அரைப்பேர் எழுதிய பெட்டி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் நேற்று என் முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தார். அவ்வளவுதான், பஸ் முழுக்க நீ ஏறிக்கொண்டாய். ஜன்னலைத் திறந்தேன். வெளியே வறண்ட கச்சான் காற்று, அது இன்னும் மோசம். இந்தக் காற்றும் அந்த வாசமும் சேர்ந்து வந்தால் நான் எங்கே போய் ஒளிவது? நாற்பது வயதை நெருங்கும் ஒரு ஆய்வுக்கூடக்காரி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கேலி செய்ய நீதான் இல்லை.

அந்த வாசம்தானே உன் ஆராய்ச்சி. "தேத்தண்ணியில தைலம் மணக்குதுன்னு எங்கம்மா மூஞ்சிய சுளிக்கும். வெளிநாட்டுக்காரன் அதுக்குத்தான் உசுர விடுறான்" என்று நாம் சேர்ந்து வேலை தொடங்கிய வருடமே சிரித்தாய். வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் ஊவாத் தேயிலையில் ஏறும் அந்த மணத்தை உணவு வேதியியல்காரர்கள் சுவை என்று அளந்தார்கள். நீ செடியின் பக்கம் நின்று, இது யாருக்காக என்று கேட்டாய். பூச்சி கடித்தால் இலை அதே பொருளைக் காற்றில் விட்டுப் பக்கத்து இலைகளை உஷார்ப்படுத்துகிறது. அப்படியானால் பூச்சி வருவதற்கு முன்பே, காற்று தொடங்கிய முதல் நாட்களிலேயே, செடி எச்சரிக்கை கொடுக்கிறதா? அந்த முதல் நாட்களின் இலையில்தான் பதில் இருந்தது. பறித்த கணமே உறைய வைத்த இலை.

அதற்காகத் திரவ நைட்ரஜன் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு இதே பஸ்ஸில் போனோமே. கண்டக்டர் புகையைப் பார்த்து மிரண்டு போனார்.

"என்னம்மா அது கொதிக்குது?"

"கொதிக்கலண்ணே, குளிருது."

"குளிருற சாமானுக்கு ஆவி வருமா? எறங்குங்க ரெண்டு பேரும்."

மூன்று கட்டை, மூன்று மைல் தூரம் நடந்தோம். வழி நெடுக நீ கண்டக்டரைத் திட்டவில்லை. மூடியை ஒழுங்காகப் போடாத என்னைத்தான் திட்டினாய்.

அடுத்த வருடம் உன் விரல் மூட்டுகள் வீங்கின. வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு ஏறியது. நோய் எதிர்ப்பு பற்றிப் படிப்பவர்கள் நம் கட்டடத்திலேயே இருந்தார்கள். உடம்பின் காவலே உடம்பை அடிக்கும் நோய் என்று அவர்கள் உனக்குப் படம் போட்டு விளக்கினார்கள். "எலைக்கு எதிரி யாருன்னு தெரியுது. என் ரத்தத்துக்குத் தெரியல பாரு" என்றாய். வெயிலில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர். ஆனால் காற்று தொடங்கியதும் நீ மலைக்குப் போனாய். போகாதே என்று நான் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். நீ கேட்காதது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது, எனக்கும் அந்த இலை வேண்டியிருந்தது. இதை உன்னிடம் சொல்ல, அந்த நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆக வேண்டியிருந்தது.

இன்னும் இருக்கிறது. கேள்.

ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்தவர்கள் நாம். நமக்குப் பேர் என்றால் பெயர் மட்டும் இல்லை, ஒரு நாள் வேலையும்தான். நம் அம்மாமார் சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுத்தால் கணக்குப்பிள்ளை முழுப்பேர் போடுவார். நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் கூலிதான். அந்தச் சொல்லைக் கேட்ட நாட்களில் இரண்டு வீட்டிலும் யாரும் பேசமாட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகு அதை விளையாட்டாக்கியது நாம்தான். எடை குறைந்த, கணக்கில் சேராத இலைக் குழாய்க்கெல்லாம் அரைப்பேர் என்று பேர் வைத்தோம்.

நீ போன மூன்றாம் மாதம் உறைபெட்டி பழுதானது. உள்ளே குளிர் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பிரிவில் நான்கு பெட்டிகளுக்குத்தான் இடம் தந்தார்கள். மேல்மாடியில் நட்சத்திரங்களைப் படிக்கும் மனிதரும் ஓடிவந்து கைகொடுத்தார். அவருடைய பொருளெல்லாம் வானத்தில் இருக்கிறது, எந்த மின்வெட்டுக்கும் உருகாது. அன்றைக்கு அவர்மேல் வந்த பொறாமையை என்னால் சொல்லி மாளாது. நான்காவது பெட்டியை எடுத்து வைத்த பிறகு, தமிழ் வாசிக்கத் தெரியாத நம் உதவியாளர் ஐந்தாவதைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ், இது வைக்கவா, வீசவா?"

மூடியில் உன் கையெழுத்தில் அரைப்பேர் என்று இருந்தது. இடத்தை மாற்றிப் பார்க்கலாமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. "வேணாம், வீசிருங்க" என்றேன்.

போன மாதம் உன் அம்மா, சாக்குப் பையில் கட்டிவைத்திருந்த உன் குறிப்புப் புத்தகங்களை என்னிடம் தந்தார். அதில் இப்படி எழுதியிருந்தாய்: "காத்து தொடங்குன மொத பத்து நாள் எல, அரைப்பேர் பெட்டியில இருக்கு. பதினொரு மணிக்கு மேல வெயில்ல நிக்க முடியல. அரைப்பேர் எனக்குத்தான், எலைக்கு இல்ல."

எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதே. அந்த முடிவு தமிழ் தெரியாத எவர் கையில் இருந்திருந்தாலும் பெட்டி பிழைத்திருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள். லயத்தில் பிறந்த எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் தெரியுமே.

மறுபடி பறிக்கவும் வழியில்லை. நீ இலை எடுத்த பழைய விதைத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்துவிட்டார்கள். நம் கட்டுரையைப் பரிசீலிப்பவர்களோ முதல் நாட்களின் அளவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். பிந்திய நாட்களின் எண்களை முதல் நாட்கள் என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆமாம், யோசித்தேன், திட்டு. எழுதவில்லை. மாதிரிகள் இல்லை, வீசியது நான் என்றுதான் எழுதப்போகிறேன். அதோடு உன் கேள்விக்கான பதில் போய்விடும். கட்டுரையில் மிஞ்சுவது மற்றவர்கள் முன்பே சொன்னதுதான்.

இதை உன் அம்மாவிடம் சொல்லத்தான் நேற்றுப் போனேன். அவர் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தார். காற்றுக்காலத் தூள். வாயருகே கொண்டுபோகும்போதே தைலம் மணத்தது.

"அந்தப் பொஸ்தகத்துல அவ பேரு வருமா புள்ள?" என்று கேட்டார்.

"வரும் பெரியம்மா."

"முழுப்பேரா போடச் சொல்லு" என்றார், விறகைத் தட்டிச் சரியாக்கிக்கொண்டே. "அரை நாளு வேல செஞ்சவ இல்ல எம் மக."

நான் தலையை ஆட்டினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன், ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் பெட்டியை மட்டும் வீசமாட்டோம், உனக்குத் தெரியும். அன்றைக்கும் இலையைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவி வைத்தோம். இப்போது அது என் கைப்பையில் இருக்கிறது. நேற்றும் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், ஸ்பிரிட் விட்டும் தேய்த்துப் பார்த்தேன். உன் எழுத்து போகவில்லை. உனக்கு அரைப்பேர் போட்டது கணக்குப்பிள்ளை இல்லையடி, நான்.