தலைகீழாக நின்ற துப்பாக்கி

ஆட்டர் க்ரீக், கென்டக்கி
மார்ச் 4, 2019

க்ளைட் அண்ணனுக்கு,

நோரீன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் வெர்லின் நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாலும் சேதி வந்திருக்கும்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை துப்பாக்கி கிளப்பில் சுடும் போட்டி. இறந்த உறுப்பினரின் துப்பாக்கியில் குண்டு போடாமல் வெடிமருந்து மட்டும் கெட்டித்து, வீட்டு ஆள் சுட்ட பிறகுதான் போட்டி தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா. நான்தான் சுட வேண்டும். மருந்தைப் பற்றவைக்கிற கேப் மூன்று தட்டியும் வெடிக்கவில்லை என்றால் கீழே வைத்துவிட வேண்டுமாம்.

அவருடைய இத்தாலித் துப்பாக்கியைக் கொல்லையில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். விசையை இழுத்தால் குதிரை விழுகிறது, கேப் பட்டென்கிறது, உள்ளே மருந்து பற்றவில்லை. அன்றைக்குப் போட்டியில் நடந்த மாதிரியே. நீங்கள் கேப் மாட்டுகிற முளையைப் புதிதாக மாற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் அது. "நான் ஜெயிக்கக் கூடாதுன்னே கெடுத்துக் குடுத்துட்டான்" என்று அத்தனை பேர் முன்னால் உங்களைச் சொன்னார். அதோடு நீங்களும் வரவில்லை, அவரும் ஆற்றைத் தாண்டி உங்கள் பக்கம் போகவே இல்லை. பதினோரு வருஷம்.

அந்த ஜனங்கள் முன்னால் அது இன்னொரு தடவை ஊமையாக நிற்கக் கூடாது. வேறு யாரைக் கேட்பேன், அண்ணா?

நோரீன்


மார்ச் 11

தங்கச்சி நோரீனுக்கு,

சாவுக்கு வரக் கிளம்பினேன். பாலம் வரைக்கும் வந்தேன். திரும்பிவிட்டேன்.

முதலில் குழலில் தண்ணீர் ஊற்றி உள்ளே கிடக்கிற மருந்தைக் கொல்லு. அது கரைந்து வந்த பிறகு முளையைக் கழற்று. பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதையும் கழற்று. மெல்லிய கம்பி விட்டு ஓட்டைகளைக் குத்து. மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றி, துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் துடை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மருந்து போடாமல் வெறும் கேப் வைத்து, குழலின் வாயை ஒரு புல்லுக்கு நேரே பிடித்துக் குதிரையைத் தட்டு. புல் அசைந்தால் நெருப்புக்கு வழி இருக்கிறது. அசையாவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

எண்ணெய் போட்ட துப்பாக்கியை எப்போதும் வாய் கீழே இருக்கும்படி துணி மேல் நிறுத்து. நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் அடியில் இறங்கி நெருப்புப் போகிற வழியை அடைத்துக்கொள்ளும். வெர்லினுக்கு இது தெரியும்.

க்ளைட்


மார்ச் 20

க்ளைட் அண்ணனுக்கு,

புல் அசைந்தது. துணியில் முதலில் வந்தது முழுக்க எண்ணெய்.

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

நீங்கள் முளையை மாற்றிக் கொடுத்த அன்றைக்கு மழை. கொட்டகை ஒழுகுகிறது என்று உங்களிடமிருந்து வாங்கி வந்ததை வீட்டுக்குள் வைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, தலைகீழாக நிறுத்தினார். மறுநாள் பெருக்கப் போனேன். என்ன இது, மனுஷன் தலைகீழாக நிற்கிற மாதிரி என்று நிமிர்த்தி வைத்தேன். போட்டியன்று காலையில் என்னை எடுத்து வரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவர் செத்த பிறகும் கட்டில் பக்கத்தில் அப்படியே நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன்.

நீங்கள் கெடுக்கவில்லை, அண்ணா. நான்தான். அவர் உயிரோடு இருக்கும்போது உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் சுடுவேன்.

நோரீன்


மார்ச் 27

நோரீனுக்கு,

சொல்லாதே. செத்தவனை ஊர் முன்னால் பொய்யனாக்க வேண்டாம். கெடுத்தவன் என்கிற பேர் எனக்குப் பழகிவிட்டது.

நானும் யோக்கியன் இல்லை. அன்றைக்குக் கேப் மட்டும் பட்டென்றதுமே எண்ணெய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "திருகைக் கழட்டிப் பாருடா" என்றால் முடிந்திருக்கும். ஆனால் அவன் சொன்ன சொல் சுட்டது. அவனே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவனும் அதையேதான் நினைத்திருப்பான்.

நான் வரவில்லை. சுடுவதற்கு முன்னால் இரண்டு வெறும் கேப் தட்டிவிட்டு மருந்து போடு.

க்ளைட்


ஏப்ரல் 8

க்ளைட் அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். "எம் புருஷன் க்ளைட்டைச் சொன்னது தப்பு. துப்பாக்கியைக் கெடுத்தது நான்" என்றேன். வரிசையில் நின்ற லாய்ட் கிழவர், "சரி, இப்ப சுடும்மா, எனக்குக் கால் வலிக்குது" என்றார்.

முதல் கேப்பிலேயே வெடித்தது. தோள் இன்னும் வலிக்கிறது. புகை கலைந்ததும் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப்பக்கம் உங்கள் பச்சை வண்டி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் போனது.

துப்பாக்கியைக் கழுவி, எண்ணெய் போட்டு, தலைகீழாகத்தான் நிறுத்தியிருக்கிறேன். இனி அதைச் சுட ஆள் இல்லை. இருந்தாலும் பெருக்கும்போது சுற்றித்தான் பெருக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீன்ஸும் சோளரொட்டியும் ஒரு ஆளுக்கு அளவாகச் செய்ய எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த தடவை பாலத்தைத் தாண்டிவிடுங்கள், அண்ணா.

நோரீன்