உனக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

நேற்றுப் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து தேயிலைக் கொழுந்து வாட்டும் வாசனை வந்தது. மழைக்கொழுந்து, இன்னும் சரியாக வாடவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நீயாக இருந்தால் எந்தச் சரிவில் பறித்தது என்றுகூடச் சொல்லியிருப்பாய் என்று உடனே நினைத்துக்கொண்டேன். நீ இறந்து ஐந்து மாதமாகிறது. எனக்கு இன்னும் உன்னோடு போட்டிதான்.

தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். ஒரே நாளில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். அதற்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் சிறிதாகத் தேயிலை வைத்திருப்பவர்களின் கொழுந்தை வாங்கித்தான் அது ஓடியது. அந்தக் கொழுந்தைச் சேர்த்து வரும் வேலை உனக்கு, கந்தோரில் கடிதம் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. நீ காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் நான் லொறியில் போனேன். மேட்டுத் தோட்டத்து மெனிக்கே அக்கா கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “மத்த தம்பி வரல்லையா?” என்றாள். உனக்கென்று வைத்திருந்த பலாச்சுளைகளை என்னிடமே கொடுத்தனுப்பினாள். எனக்கு ஒரு சுளை தரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அடுத்த மலையில் புதுத் தொழிற்சாலை வந்தது. ஒருநாள் கந்தோர் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

“அங்க கூப்பிடுறாங்கடா. கொழுந்துப் பக்கம் முழுக்க எம்பொறுப்பு. நமக்குக் கொழுந்து போடுற ஆளுகளயும் கூட்டிக்கிட்டு வரணுமாம்.”

“கடிதம் குடுத்துட்டியா?”

“இல்ல. மொதல்ல ஆளுக சரின்னு சொல்லட்டும். ஒன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

வேலையில் இருக்கும்வரை வேறு நிறுவனத்துக்காக எதுவும் செய்யக்கூடாது என்ற வரி நம் எல்லோருடைய நியமனக் கடிதத்திலும் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். “முதல்ல வெலகுடா, அப்புறம் பேசு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘நீயும் வாடா’ என்று நீ சொல்வாய் என்று காத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து லொறி டிரைவர் வந்து, “கிளாக்கரையா, நானும் அவரு கூடத்தான் போறேங்க, சொல்லலியா அவரு?” என்று சிரித்தார். மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். “எழுதித் தருவீங்களா?” என்று அவர் கேட்டார். எழுதித் தந்தேன்.

உள்விசாரணையில் நீ மறுக்கவில்லை. வேலை நேரத்தில், தொழிற்சாலை லொறியில் போய், தொழிற்சாலைக்குக் கொழுந்து தருகிறவர்களையே மற்ற இடத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் பெயர்களை உன் கையாலேயே எழுதி அங்கே கொடுத்திருக்கிறாய். உன்னை நீக்கினார்கள். வேலையைத் திரும்பக் கேட்டு நீ தொழில் நியாய மன்றுக்குப் போனாய்.

சாட்சி சொல்லப் போன அன்று முதலாளியின் வக்கீல், யாழ்ப்பாணத்துக்காரர், என்னை விறாந்தையில் உட்கார வைத்து விளக்கினார். “வேலையை விட்டிட்டு எங்கையும் போய்ச் சேர்ந்திருக்கலாம், ஒருத்தரும் கேட்கேலாது. இஞ்ச சம்பளம் எடுத்துக்கொண்டு அவைக்கு வேலை செய்ததுதான் பிழை. நம்பிக்கை போனால் பிறகு அந்த ஆளை வச்சிரு எண்டு மன்று சொல்லாது.”

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிறகு உன் வக்கீல் எழுந்தார். “உங்களுக்கு இவர் மேல ஏதாவது மனக்கசப்பு இருந்ததா?”

“இல்லை” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். என் பொய்யை இரண்டு மொழியில் கேட்டேன்.

வெளியே வந்ததும் நீ என்னிடம் நேராக வந்தாய். அடிக்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். “நடந்ததத்தானே சொன்ன. தப்பு எம்மேலதான்டா” என்றாய். நீ கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தப் பெருந்தன்மையும் உனக்குத்தான் வாய்க்கவேண்டுமா என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. உன்னை நீக்கியது சரி, திரும்ப எடுக்கத் தேவையில்லை. அதன்பிறகு உன்னைக் கூப்பிட்ட புதுத் தொழிற்சாலையும் கதவைச் சாத்திக்கொண்டது. “இருந்த எடத்துக்கே இப்பிடிச் செஞ்சவரு, நாளைக்கி நமக்கும் செய்வாரு” என்றார்களாம். செய்யச் சொன்னவர்களே அவர்கள்தான். டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீ ஹாலி-எலப் பக்கம் உன் மனைவி வீட்டு நிலத்தில் போஞ்சி பயிரிடப் போனாய். லொறியில் உன் இடம் எனக்குக் கிடைத்தது. எட்டு வருடம் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் கொழுந்தைத் தந்தார்கள். யாரும் என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை.

உன் சாவுக்கு மெனிக்கே அக்கா வந்திருந்தாள். பழைய கொழுந்துக்காரர்கள் பாதிப்பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் நான் யோசித்துக்கொண்டு நின்றேன். உன் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தாள். “ரெண்டு பேரும் ஒன்னாத் திரிஞ்சீங்களேண்ணே. ஏன் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல? அவரு ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல” என்றாள். சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

தீர்ப்பில் பிழை இல்லை. நீ செய்தது துரோகம்தான், இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதைச் சொன்னவன் யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விசுவாசமான ஊழியன் என்று முதலாளி எனக்குச் சான்றிதழ் தந்தார். உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அன்று கந்தோர் வாசலில் ‘நீயும் வாடா’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெயர்களையெல்லாம் உனக்கு நானே தட்டச்சு செய்து தந்திருப்பேன்.