படத்தில் வராத டிரைவர்

இன்று மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அமைச்சர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடுவே தரகு பார்த்தே பெரிய ஆளாகி, கடைசியில் ஜெயிலுக்குப் போகிறவனின் கதை. சாதம் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மைசூரில் நாம் சேர்ந்து பார்த்த கடைசிப் படம் அது. அவன் மந்திரியின் நாற்காலியில் உட்கார்ந்தபோது தியேட்டரே விசிலடித்தது. போலீஸ் பிடித்தபோது அதே ஆட்கள் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் அசையவில்லை. வெளியே வந்ததும் வண்டியை எடுக்காமல் நின்றீர்கள்.

"அவனுக்குக் கார் ஓட்டுனவனக் காட்டவே இல்ல, பாத்தியா?"

நீங்களும் அப்படியொரு தரகருக்குப் பல வருஷம் கார் ஓட்டியவர்தான். ஏரி நிலத்தை வேறு பெயருக்கு மாற்ற மறுத்த ஒரு கிளார்க் மேல் அவர் பொய்யாக லஞ்சப் புகார் கொடுத்ததும், 'கண்ணால் பார்த்தேன்' என்று நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே நஞ்சன்கூட்டுக்கு பஸ் ஏறினோம். வேலை போன அந்த கிளார்க், வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. "இதை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கையெழுத்துப் போட்ட இடத்தில் போய்ச் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் நான்தான் சண்டை போட்டேன். "அதான் மன்னிப்புக் கேட்டாச்சுல்ல, விடுங்க. உங்களையே உள்ள தூக்கி வச்சா நான் எங்க போவேன்?"

"நான் சொன்ன பொய்ய நான்தானே திருப்பி எடுக்கணும்" என்றீர்கள்.

எடுத்தீர்கள். டிரைவர் வேலை போயிற்று. பொய்ச்சாட்சி சொன்னதாக உங்கள் மேலேயே வழக்கு வந்தது. கிளார்க்குக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தரகருக்குப் படத்தில் நடந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. கட்சி மாறினார், அவ்வளவுதான். வழக்கு முடிவதற்குள் உங்கள் நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

எல்லாரும் உங்களை நல்ல மனுஷன் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் வாக்குமூலம் கொடுக்கப் புறப்பட்ட காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தீர்களே, அது எனக்கு மட்டும்தான் தெரியும். கூட வருவேன் என்று நினைத்தீர்கள். நான் உள்ளே போய்விட்டேன்.