எட்டுப் போத்தல் தண்ணீர்

லுணுகலை
கார்த்திகை 6

அன்பு மகள் நிசாந்தினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மன்னாரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கதிர்காமத்தான் துணை. நானும் அம்மாவும் உடம்பால் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ போன் எடுக்கும்போதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் நழுவியது கோபத்தினால் அல்ல, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை, மேட்டு லய வீடுகளுக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் கொழுந்தெடுக்கப் போவேன் என்று நிற்கிறாள், நீயாவது ஏசு.

மேலே மூடிக் கிடந்த தேயிலை பெக்டரியில் போன வருடம் துணிக்குச் சாயம் போடும் கம்பனி வந்தது உனக்குத் தெரியும். அந்தக் கழிவு ஓடை வழியாக நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வருகிறது என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். கம்பனிக்காரர் வந்து, இந்தச் சாயம் தண்ணீரில் கரையவே கரையாது, கரையாதது என்ன கெடுதல் செய்யும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு பதுளைச் சுற்றாடல் ஆபீசிலிருந்து இரகுநாதன் என்று ஒரு ஆபீசர் வந்தார், யாழ்ப்பாணத்து மனுஷன், தன்மையானவர். வாரம் ஒரு போத்தலாக எட்டு வாரம் ஓடைத் தண்ணீர் பிடித்துத் தர நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். தோட்டத்துத் துரை பங்களாக் குசினியில் முப்பது வருடம் சமைத்தவர், சுத்தமான ஆள் என்று லயமே என்னைக் கை காட்டியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தச் சுத்தம்தான் என்னைக் கெடுத்தது மகளே. பங்களாவில் துரைக்குத் தண்ணீரை வடிகட்டாமல் வைத்ததே இல்லை. ஆபீசருக்குப் போகிற தண்ணீரைக் கசடோடு கொடுப்பதா என்று பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, எட்டுப் போத்தலும் கண்ணாடி மாதிரி கொடுத்தேன். ஒருவரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்ததை நானும் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துச் சாயம் இல்லை என்று எழுதிவிட்டார்கள், கம்பனியைத் தொடர்ந்து நடத்த அனுமதியும் கிடைத்துவிட்டது. முடிவைச் சொல்ல ஆபீசர் வந்த அன்று, எதிர்வீட்டுக் கருப்பம்மா விடவில்லை. சாயமே இல்லேன்னா பீலிக்குக் கீழ சேறு ஏங்க ஊதாவா இருக்கு என்று கேட்டாள். அவர் முகம் மாறிவிட்டது. கரையாத சாயம் எண்டபடியாத்தான் பயம், தூளா வந்து சேத்தில தங்கும், மீனுக்குள்ள போகும், கீரைக்குப் போகும், லேசில அழியாது, எவ்வளவு கெடுதல் எண்டு பார்க்கத்தானே தண்ணி எடுத்தனாங்கள் என்றார். நான் எழுந்தேன். உள்ளே போய் அந்த வேட்டியைக் கொண்டுவந்து விரித்தேன். அம்மா மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் போகாத ஊதாக் கறை. அவர் ஏசவில்லை. ஐயா, நாங்கள் தேடினது இதிலதான் இருக்கு என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம்.

வடிகட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி அவருடைய ஆட்களே வந்து சேற்றோடு அள்ளிப் போவார்களாம், முடிவு வரப் பங்குனி ஆகுமாம், அதுவரை கம்பனியை நிறுத்த வழி இல்லையாம். குடிக்க அரை மைல் ஏறி ஊற்றுக்குப் போகிறோம், குளிக்க அந்த ஓடைதான். தொரைக்கு வடிச்ச கையி அண்ணே, எங்களுக்கு ஒரு நாளாச்சும் வடிச்சீங்களா என்று கருப்பம்மா கேட்டாள். நம் வீட்டுக் குடத்துக்கே நான் வடிகட்டியது கிடையாது. வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்குப் பிள்ளையோடு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அவளும் தொட்டில் கட்டச் சேலை எடுத்து வைத்துவிட்டாள். வர வேண்டாம் மகளே. சின்னவள் பிறந்து பத்து மாதமாகிறது, அவளை நான் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை, இருந்தாலும் வர வேண்டாம். இந்தத் தண்ணீரில் அவளைக் குளிப்பாட்ட என் மனம் ஒப்பாது.

மூன்று பேரும் நல்லா இருங்கள், சின்னவளுக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய், ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று சொல்லாதே. அப்பாதான் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் அப்பா
அழகர்