அணைத்தது திரையை மட்டும்

என் வீட்டு மகாராணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மகள் வீட்டுக்குப் போன பிறகு முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே.

நேற்று நூலகத்துப் பொதுக் கணினியில், மகள் கேட்ட பாஸ்போர்ட் படத்தை நானே எழுத்துக்கூட்டித் தட்டி மெயிலில் அனுப்பினேன். ஒரே பூரிப்பு. விளக்கை அணைப்பதுபோல் திரையை அணைத்துவிட்டு வந்தேன்.

இன்று நூலகக்காரம்மா, "பெரியவரே, மெயிலை மூடாமப் போயிட்டீங்களே. அடுத்து உக்காந்தவர் எல்லாத்தையும் பாத்திருப்பாரு," என்றார். அப்படி உட்கார்ந்தவர் யாரென்று தெரியவில்லை. நீ பயப்படாதே.

என் பெயரில் பணம், கிணம் கேட்டு மெயில் வந்தால், சண்டையில் உன்னை எப்படிக் கூப்பிடுவேன் என்று மகளைத் திருப்பிக் கேட்கச் சொல். பதில் தப்பாக வந்தால் அது நானில்லை. இங்கே அப்படிக் கூப்பிட்டுச் சண்டை போட ஆளில்லை.

அடுத்த வாரமும் கையாலேயே எழுதுகிறேன். இந்தக் கோணல் எவனுக்கும் வராது.