அண்ணை பிடித்து வைத்த மரம்

ஸ்டுட்கார்ட், ஞாயிற்றுக்கிழமை, ஒக்டோபர் 12

இன்று எனக்கு வந்த கோபத்தை வைத்தே பாதி ஜெர்மனியைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக்கலாம்.

"காட்டுக்குள்ள ஒரு நடை போட்டு வருவம்" என்று அண்ணை கூப்பிட்டார். ஒரு படைக்குப் போதுமான மட்டன் ரோல்ஸுடன் போனேன். பெரிய மரமொன்றில் சாய்ந்து நாலாவது ரோலைக் கடிக்கும்போதுதான் தண்டில் அறைந்திருந்த சின்னத் தகட்டைக் கண்டேன். யாரோ ஒரு ஜெர்மன்காரரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. மரத்தடிகளில் சாம்பல் புதைக்கிற காடாம் அது! மயானத்தில் வயிறு முட்டத் தின்ற முதல் தமிழன் நான்தான்.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"செத்தவீட்டுக்காரன் மாதிரி முழிக்காதை. அங்காலை நிக்கிற மரம் என்ரை. போன கிழமைதான் கையெழுத்து வைச்சனான்."

"ஏன் இப்ப? உங்கடை உடம்புக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லையடா. அதிலை இன்னும் இடம் கிடக்கு. உன்ரை பேரையும் குடுக்கட்டோ?"

"எனக்கு மரம் வேண்டாம். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கோ!"

நான் கத்திய கத்தலில் குருவிகள் பிரான்ஸ் வரை பறந்திருக்கும். அவர் மட்டும் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தடிமன் வந்து இரண்டு தும்மல் போட்டாலே ஐரோப்பா முழுவதற்கும் அறிவிப்பேன். இந்த மனிதர் மரத்துக்குக் கையெழுத்து வைத்ததை அண்ணிக்குக்கூடச் சொல்லவில்லையாம். நாளை விடிய அவர் வீட்டு வாசலில் நிற்பேன். அவர் உடம்பைப் பற்றி வைத்தியர் எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை அசையமாட்டேன்.

திரும்பும்போது காட்டுப் பாதையின் சின்ன ஏற்றத்தில் மூன்று தரம் நின்றார். மரங்களைப் பார்க்கிறாராம். பொய்யர்.