துப்பாக்கி இல்லாத பிரிவு

1999 ஜூன் 14, திங்கள்
காலையிலிருந்து மழை. பஜார் சாலையில் கணுக்கால் தண்ணீர், மிளகுக் கம்பெனி வேலைக்கு அரை மணி தாமதம். குடைக்கம்பி ஒன்று உடைந்தது.
மாலையில் தம்பி செல்வம் ராணுவ விண்ணப்பத்தோடு வந்தான். இங்கிலீஷ் ஃபாரம், அதனால் என்னிடம். எந்தப் பிரிவு என்ற இடத்தில் விரலை வைத்து, "ஜெனரல் டியூட்டி எழுது அக்கா." அதாவது துப்பாக்கியோடு முன்வரிசை. டிவியில் கார்கில் செய்தி, கொடி போர்த்திய பெட்டிகள். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

ஜூன் 15
அடுக்களையில் அம்மா, குரலைத் தாழ்த்தி: "நீதானே எழுதுறே. துப்பாக்கி இல்லாததா பார்த்து எழுது. அவன் அறிய வேண்டாம்."
கம்பெனியில் ஜோசப் சேட்டனிடம் கேட்டேன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். எந்தப் பிரிவு சண்டைக்குப் போகாது? அவர் சிரிக்கவில்லை. "ஸ்டோர் கீப்பர்னா கொஞ்சம் பின்னால நிக்கலாம் மோளே. ஆனா அரிசியும் மண்ணெண்ணெயும் மலை மேல கொண்டு போகணும்லே. அந்த ரோட்டுலயும் பீரங்கி ஷெல் விழும்."
கொஞ்சம் பின்னால். அது போதும்.

ஜூன் 16
குடை ரிப்பேர். அப்பாவுக்கு இருமல் மருந்து.
'ஸ்டோர் கீப்பர்' என்று எழுதினேன். செல்வம் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். கவரை ஒட்டினேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

ஜூன் 17
மழை விட்டுவிட்டு. செல்வம் கடற்கரையில் ஓடிவிட்டு நனைந்து வந்தான். கேட்டேன்: "சண்டை நடக்குற நேரத்துல எதுக்குடா முன்வரிசையே வேணும்?"
தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா இத்தனை வருஷமா கார்ப்பரேஷன் சாக்கடையில இறங்குறார். போன மாசம் உள்ளே மயங்கி விழுந்தப்போ ஒருத்தராச்சும் வந்து பார்த்தாங்களா? ஆபத்து எப்படியும் உண்டு அக்கா. அங்கேன்னா மனுஷனா மதிப்பாங்க."
அப்பா அடுத்த அறையில்தான். கேட்டிருப்பார்.
கவர் இன்னும் என் பையில். தபாலில் போட மனம் வரவில்லை.

ஜூன் 18
ஃபாரத்தில் வேறு பிரிவு எழுதியதைச் செல்வத்திடம் சொல்லிவிட்டேன்.
"அம்மா சொன்னாளா?"
"இல்லே. நான்தான்."
பொய். அவன் வெளியே போய்ப் புது ஃபாரம் வாங்கி வந்தான். "இப்பவும் நீதான் எழுதணும்."
ஜெனரல் டியூட்டி. எழுதினேன். இந்தத் தடவை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அம்மாவிடம் இருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 12
பக்கத்துக் கடைக்குச் செல்வத்தின் போன். ஓட்டம், மெடிக்கல் எல்லாம் பாஸ். எடுத்துக்கொண்டார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.
அம்மா கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"ஸ்டோர்லதானே?"
"இல்லேம்மா."
கத்தி நின்றது. "அவனா மாத்தினான்?"
"நான்தான் எழுதினேன்."
மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.
அப்பா வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "எந்த நாள் போகணுமாம் அவன்?"